“நோ டயல்டோன்!” – பழைய கம்ப்யூட்டரும் அறுந்துபோன இணைப்பும்



நம் ஆசிரியர்களைப் பற்றியும் ஹாஸ்டல் மெஸ் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் ரிப்பேர். 1990-களின் நடுவிலிருந்து கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலை என்று ஸ்க்ரூடிரைவரும் ஃப்ளாப்பி டப்பாவுமாக அலைந்தவன் நான். அன்றிலிருந்து இன்றுவரை அதிகமாகக் காதில் விழுந்த புகார் ஒன்றே ஒன்றுதான்: “நேத்து வரைக்கும் நெட் வந்துச்சுங்க, இன்னைக்கு வரலை.”

புகார் மாறவில்லை. ஆனால் காரணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெட்டி கெட்டுப்போய் இணைப்பு போனது குறைவு. எதிர்முனையில் யாரோ, எதையோ மாற்றியதால் போனதுதான் அதிகம். பழைய கம்ப்யூட்டரை “போச்சு” என்று பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன்னால் இந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் கேளுங்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கே மறந்திருக்கும்.

இந்தியாவில் கணினி வலையமைப்பு 1986-இல் எர்நெட் என்ற பெயரில் தொடங்கியது. மத்திய மின்னணுத் துறை நடத்திய அந்தத் திட்டத்தில் முதலில் சேர்ந்தவை எட்டு நிறுவனங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்னை ஐ.ஐ.டி. மட்டுமே. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். நிறுவனம் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மதராஸ் ஆகிய நகரங்களில் சேவையைத் தொடங்கியது. படங்களோடு பார்க்கக்கூடிய டி.சி.பி/ஐ.பி. கணக்குக்குத் தனிநபர் கட்டணம் 15,000 ரூபாய். அதுவும் 250 மணி நேரத்துக்கு! ‘ஷெல்’ கணக்கு என்று மலிவாக ஒன்று இருந்தது. அதில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. மாணவர்களுக்கு 500 ரூபாய்க் கணக்கும் இருந்தது. கெட்டிக்கார மாணவர்கள் ‘ஸ்லிர்ப்’ என்ற சின்ன புரோகிராமை அந்த ஷெல்லுக்குள் ஓடவிட்டு, அதையே படம் காட்டும் கணக்காக மாற்றிக்கொண்டார்கள். இந்த வித்தையை எந்தப் பாடத்திட்டத்திலும் சொல்லித் தரவில்லை!

முதல் பட்டியலில் கோயமுத்தூர் இல்லை. நம்மூர்க்காரர் இணையம் பார்க்க வேண்டுமானால் மதராஸுக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். பகலில் போட்டால் பில் வந்த அன்றைக்கு வீட்டில் சண்டை. ஆகவே இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் ஆகும் வரை காத்திருப்பார்கள். கண்ணெல்லாம் எரியும். அந்த நேரத்தில் மோடம் போடும் அந்தக் கீச்சுக் கீச்சுச் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே பலர் வீட்டில் ஆட்டம் முடிந்துவிடும். திரையில் “நோ டயல்டோன்” என்று வந்து நிற்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பெரியவர் ரிசீவரை எடுத்து என் காதில் வைத்தார். “ஏனுங்க தம்பி, நல்லாக் கேளுங்க. ரீங்காரம் கேக்குதுங்களா? எனக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்குது, இந்தப் பொட்டிக்கு மட்டும் கேக்கலையாம்!”

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெட்டியும் பொய் சொல்லவில்லை. அமெரிக்க டெலிபோனில் டயல் டோன் என்பது 350, 440 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு ஒலிகள் சேர்ந்தது. நம் நாட்டு டோன் வேறு. 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸில் அதிரவிட்டது. அதனால்தான் நம் டோனில் அந்த ‘கர்ர்’ என்ற நடுக்கம். அமெரிக்க டோனுக்குப் பழகிய மோடத்துக்கு இது டயல் டோனாகவே படாது. வைத்தியம் ஒரே வரி: ஏ.டி.எக்ஸ் 3 என்ற கட்டளை. “டோனுக்குக் காத்திராதே, கண்ணை மூடிக்கொண்டு டயல் செய்” என்று அர்த்தம். விண்டோஸ் 95-இல் அதற்கென்று ஒரு சின்னக் கட்டமே உண்டு. அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். பனியன் கம்பெனியில் அதைத்தான் செய்தேன். அரை நிமிட வேலை. பெரியவர் காபி வாங்கிக் கொடுத்து, “இதுக்கா மூணு நாளு தந்தியில்லாம உக்காந்திருந்தோம்?” என்றார். ஜெர்மனியிலிருந்து வர வேண்டிய சாம்பிள் ஒப்புதல் அந்த மூன்று நாளும் மெயிலில் கிடந்திருக்கிறது. கப்பல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது விளையாட்டுக் காரியமில்லை.

எக்ஸ்சேஞ்சுகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய ஸ்ட்ரவ்ஜர் வகை எக்ஸ்சேஞ்சில் டயலைச் சுழற்றினால் ‘டக் டக்’ என்று எண்ணிக்கொண்டு போகும். அதற்குப் பல்ஸ் முறையில்தான் டயல் செய்ய வேண்டும். 1984-இல் ஏற்பட்ட சி-டாட் நிறுவனம் நம் நாட்டுச் சூட்டுக்கும் தூசிக்கும் ஏற்ற எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. கிராமங்களுக்கு அது மெதுமெதுவாக வந்துசேர்ந்தது. ஒரே வருடத்தில் பட்டணத்து மோடம் டோன் முறையிலும் பக்கத்துக் கிராமத்து மோடம் பல்ஸ் முறையிலும் பேசிக்கொண்டிருந்தன. கோவையில் நன்றாக ஓடிய கம்ப்யூட்டரைத் தோட்டத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் இணைப்பு வராது. எடுத்துப் போனவர் வழியில் ஆடி உடைந்துவிட்டது என்று நினைப்பார். டயல் கட்டளையில் ‘டி’ என்ற எழுத்து ‘பி’ ஆக வேண்டும், அவ்வளவுதான். மில்களில் இன்னொரு கூத்து. வெளி லைன் எடுக்க முதலில் பூஜ்யம் அழுத்த வேண்டும். பூஜ்யத்துக்குப் பிறகு ஒரு கமா போட்டால் மோடம் இரண்டு விநாடி மூச்சு விட்டுவிட்டு மீதி எண்ணை டயல் செய்யும். அந்த ஒரு கமாவுக்காக பஸ் ஏறிப் பல்லடம் வரை போய் வந்திருக்கிறேன்.

மழைக் காலம் தனிக் கதை. ஐப்பசியில் மண்ணுக்கடியில் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிவிடும். பேசினால் கரகரவென்று கேட்கும், ஆனாலும் மனிதர்கள் கத்திப் பேசிச் சமாளித்துவிடுவார்கள். மோடத்துக்குக் கத்தத் தெரியாதே! இணைப்பு வந்து வந்து விழும். வேகத்தைக் குறைத்து வைத்தால் ஒருவாறு நிற்கும். இடி விழுந்தால் மோடம் மட்டும் கருகிப்போய், மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கும். ‘மழை வந்தால் லைனைப் பிடுங்கு’ என்று மானிட்டர் மேல் காகிதம் ஒட்டி வைத்த ஆபீஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் அண்ணன் தம்பிச் சண்டை உண்டு. அப்போது மவுஸ் காம் 1 துளையில் இருக்கும். உள்ளே சொருகிய மோடம் காம் 3. இரண்டுக்கும் ‘ஐ.ஆர்.க்யூ. 4’ என்ற ஒரே அழைப்பு மணி. மவுஸை அசைத்தால் இணைப்பு அறுந்துவிடும்! உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில் கணக்குப்பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்துவிட்டார். மெயில் இறங்கி முடியும் வரை மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மோடத்திலிருந்த ஜம்ப்பரை மாற்றி வைத்தபோது, “அட, இப்ப ஆட்டலாமுங்களா?” என்று குழந்தை மாதிரி ஆட்டிப் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் செய்து பார்த்த ஊர் இது. கிணற்று மோட்டார் எரிந்தால் புதிதாக வாங்க மாட்டோம். காயில் கட்டி மறுபடி இறக்குவோம். கம்ப்யூட்டர் விஷயத்திலும் கொங்கு நாட்டுக்காரர் அதே குணத்தைத்தான் காட்டினார்கள் என்பது என் அபிப்பிராயம். வெளியூரில் தூக்கிப் போட்ட 486-களும் பென்டியங்களும் நம்மூரில் சைசிங், சாயப்பட்டறைக் கணக்குகளைப் பல வருடம் சுமந்தன. ஆகவே பழைய பெட்டியைப் புது உலகத்தோடு கோத்துவிடுகிற வேலை எங்களுக்கு ஓயவே இல்லை.

1998 நவம்பரில் புதிய கொள்கை வந்து வி.எஸ்.என்.எல். ஏகபோகம் முடிந்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே போன்ற தனியார் நிறுவனங்கள் வந்தன. லோக்கல் கால் கட்டணத்தில் இணையம் என்றானது. காந்திபுரத்திலும் ஆர்.எஸ். புரத்திலும் ப்ரௌசிங் சென்டர்கள் முளைத்தன. 2000 அக்டோபர் 1-இல் தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பகுதி பி.எஸ்.என்.எல். ஆனது.

பிறகு வந்தது 2003 ஆகஸ்ட் 11. அன்று பரவத் தொடங்கிய ‘பிளாஸ்டர்’ என்ற புழுவை நான் மறக்க மாட்டேன். விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. இரண்டிலும் இருந்த ஒரு ஓட்டை வழியாக அது நுழைந்தது. மெயில் திறக்க வேண்டியதில்லை, எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. இணைப்பு கிடைத்தாலே போதும். கொஞ்ச நேரத்தில் ‘60 விநாடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்’ என்று ஒரு பெட்டி வந்து எண்ணத் தொடங்கும். ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே, ஜூலை 16-இல், வெளியிட்டிருந்தது. ஆனால் அந்த மருந்து இருப்பது இணையத்தில். அதை இறக்க இணைப்பு வேண்டும். இணைப்புப் போட்டால் புழு. அணைந்துவிடும். டயல்-அப் வேகத்தில் 60 விநாடிக்குள் என்ன இறங்கும்?

அந்த வாரம் எங்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? விண்டோஸ் 98 ஓடிய பழைய பெட்டிகள்! அந்த ஓட்டை அதில் இல்லை, புழு சீந்தவில்லை. கடை மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு 98 பெட்டியில் மருந்தை இறக்கி, ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதலில் டெலிபோன் வயரைப் பிடுங்கு, எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தால் ‘ஷட்டௌன் – ஏ’ என்று அடித்து நிறுத்து, ஃப்ளாப்பியிலிருந்து மருந்தைப் போடு, ஃபயர்வாலை இயக்கு, பிறகு வயரைச் சொருகு. இந்த வரிசை பிசகினால் மறுபடி முதலிலிருந்து. புதுசு வாங்கியவர்கள் எல்லாம் வாசலில் நிற்க, பழசு வைத்திருந்தவர் ஹாயாக மெயில் பார்த்துக்கொண்டிருந்த ஒரே வாரம் அதுதான்.

அடுத்த வருடம், 2004 ஆகஸ்டில், எக்ஸ்.பி.க்கு இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. ஃபயர்வால் தானாகவே இயங்கியது. அதோடு ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ என்ற கட்டளையும் கிடைத்தது. விளம்பரப் புரோகிராம்களை அழிக்கப்போய் இணைப்பின் நடுப்படி ஒன்று உடைந்து தொங்கினால், அதை ஒரே அடியில் நிமிர்த்தும் கட்டளை அது. அதற்கு முன் டி.சி.பி/ஐ.பி.யைப் பிடுங்கி மறுபடி நட வேண்டும், ஒரிஜினல் சி.டி.யைக் கேட்டால் வீட்டுக்காரர் பீரோவெல்லாம் தேடுவார்.

2004 அக்டோபரில் மத்திய அரசு அகலப்பட்டைக் கொள்கையை வெளியிட்டது. 256 கிலோபிட் இருந்தால் பிராட்பேண்ட் என்று வரையறை. அடுத்த வருடத்திலிருந்து அதே செம்புக் கம்பியில் ஏ.டி.எஸ்.எல். வந்தது. பேச்சும் இணையமும் ஒரே கம்பியில், சண்டையில்லாமல். பழைய கம்ப்யூட்டரில் லேன் கார்டு இருக்காது. ரியல்டெக் 8139 கார்டு ஒன்றைச் சொருகி டிரைவர் போட்டால் முடிந்தது. முடிந்ததா? வீடு திரும்புவதற்குள் போன் வரும். “சார், நெட் வருது, ஆனா எதைத் தொட்டாலும் பழைய டயல் பொட்டி வந்து நம்பர் கேக்குதுங்க.” இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள் ‘எப்போதும் டயல் செய்’ என்று பழைய உத்தரவு கிடக்கும். அதை ‘ஒருபோதும் டயல் செய்யாதே’ என்று மாற்ற வேண்டும். எஜமானன் வீடு மாறியும் பழைய வாசலில் போய் நிற்கும் நாய் போல!

இதுவரை சொன்னதெல்லாம் கம்பி, மோடம், செட்டிங். கடைசியாக வந்த காரணம்தான் எனக்கே புதிது. கம்பி நன்றாக இருக்கும். லேன் விளக்கு மினுக்கும். ஒரே வயரில் புது லேப்டாப்பைச் சொருகினால் பறக்கும். பழைய பெட்டியில் மட்டும் ‘இந்தத் தளம் நம்பத்தக்கதல்ல’ என்று வரும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல சி.ஆர். 2032 என்ற பாட்டரி இருக்கும். வருடக்கணக்கில் பிளக்கில் போடாமல் பரணில் கிடந்தால் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். இன்றைய இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்’ என்று இருக்கும். கம்ப்யூட்டர் தன் தேதி 2002 என்று நினைத்துக்கொண்டிருந்தால், ‘இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே’ என்று கதவைச் சாத்திவிடும். எக்ஸ்.பி. தானே இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும், உண்மைதான். ஆனால் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அது தொடாது. நீங்கள்தான் கையால் தேதியை வைக்க வேண்டும். டார்ச் லைட் பாட்டரி மாற்றுவது போன்ற வேலை இது. இதற்காகப் பெட்டியையே எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

தேதி சரியாக இருந்தும் வராவிட்டால், காரணம் 2021 செப்டம்பர் 30-இல் இருக்கலாம். சான்றிதழ்களுக்கு மேலே ‘வேர்ச் சான்றிதழ்’ என்று ஒன்று உண்டு. தாசில்தார் கையெழுத்தை நம்புவதற்குக் கலெக்டர் கையெழுத்து இருப்பது போல. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறது. உலகில் கோடிக்கணக்கான தளங்கள் அதை நம்பியிருக்கின்றன. அதன் பழைய வேர் அன்று நம் நேரம் இரவு 7.31-க்குக் காலாவதியானது. புது வேர் முன்பே தயாராக இருந்தது. அப்டேட் நின்றுபோன பழைய கம்ப்யூட்டர்களிடமும் போன்களிடமும் மட்டும் அது இல்லை. சாயங்காலம் வரை வந்த தளம் ராத்திரி வரவில்லை. பெட்டியில் ஒரு ஸ்க்ரூ கூட மாறவில்லை!

அதே காலத்தில் இன்னொரு கதவும் மூடியது. தளமும் கம்ப்யூட்டரும் ரகசியமாகப் பேசும் முறைக்கு டி.எல்.எஸ். என்று பெயர். அதன் 1.0, 1.1 பதிப்புகளை 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்.பி.யோடு வந்த எக்ஸ்ப்ளோரருக்கு 1.0 தாண்டித் தெரியாது. எக்ஸ்.பி.க்குக் கடைசியாகக் கிடைத்த ஃபயர்ஃபாக்ஸ் 52-க்கு 1.2 தெரியும், புது வேரும் அதன் சொந்தப் பையிலேயே இருக்கிறது. ஒரு பென் டிரைவில் கொண்டுபோய் அதைப் போட்டால் பல தளங்கள் திறக்கின்றன. ஆனால் பாங்கு வேலை அதில் வேண்டவே வேண்டாம். எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்பு மருந்து 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஆம், நேற்று வாங்கியது போலிருக்கும் விண்டோஸ் 10-உம் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்பார் நம் கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர். நல்ல யோசனைதான். ஆனால் 32 பிட் பழசுகளுக்கு அங்கேயும் இடம் சுருங்கிவிட்டது; டெபியன் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் அவற்றுக்கு இன்ஸ்டாலர் இல்லை. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-இல் நிறுத்தியது. பாருங்கள், அங்கேயும் செப்டம்பர் 30!

இணைப்பு வந்த பிறகும் ஒரு தடை உண்டு. அது தமிழ் சம்பந்தப்பட்டது. பழைய பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் புள்ளியும் கோடும் ஐரோப்பிய எழுத்துமாக வரும். கோப்பு கெடவில்லை. 1990-களில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்தது. டிஸ்கி என்று ஒன்று வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தாம், தாப் வந்தன. 2010 ஜூனில் நம் கோவையில், கொடிசியா வளாகத்தில், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் தமிழ் இணைய மாநாடும் நடந்தன. யூனிகோடை அரசின் தரமாக ஏற்ற ஆணை அப்போதுதான் வந்தது. அவிநாசி ரோட்டில் அன்றைக்கிருந்த கூட்டத்தில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ, தெரியாது. பழைய குறியீட்டை யூனிகோடாக மாற்றும் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்று மட்டும் தெரிய வேண்டும். அது தெரிந்தவர் அடித்தவர்தான். அவருக்கு இப்போது வயதாகியிருக்கும். இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதக் காரணம் உண்டு. சங்கத்தின் ஆரம்ப கால முகவரிப் பட்டியலும், மறைந்த நம் நண்பர்கள் சிலர் அனுப்பிய கடிதங்களும், முதல் சந்திப்பின் வரவு செலவும் ஒரு விண்டோஸ் 98 பெட்டியில் இருந்தன. போன வருடம் அதை எடைக்குப் போடப் பேச்சு எழுந்தது. “நெட்டே வரலைங்க, எதுக்கு இடத்தை அடைச்சிட்டு?” என்றார் ஒருவர். பாட்டரி மாற்றித் தேதி வைத்தேன். நெட் வரத்தான் இல்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி ஒரு ஐ.டி.இ.–யூ.எஸ்.பி. கேபிளில் கோத்து எல்லாவற்றையும் புது லேப்டாப்புக்கு மாற்றியாயிற்று. கடிதங்கள் டிஸ்கியில் இருந்தன. இப்போது யூனிகோடில் இருக்கின்றன. சந்திப்பு நாளன்று வரவேற்பு மேஜைப் பக்கத்தில் படித்துப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அந்தக் கேபிளை அன்று பையில் போட்டுக்கொண்டு வருகிறேன். டிஸ்க்கை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டு வாங்க. கேபினெட்டைத் தூக்கிட்டு வர வேண்டாம். பார்க்கிங்கில் இடம் பத்தாது.